நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசஸர் லேப்டாப்பில் புது 8 ஜிபி ராம் போட்டதும் திரை கறுப்பு
ராம் பழுதாக இருக்காது. வோல்டேஜ் பொருந்தவில்லை என்றுதான் தோன்றுகிறது. உங்கள் லேப்டாப்புக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் (குறைந்த வோல்டேஜில் ஓடும் ராம் வகை) வேண்டும். நீங்கள் வாங்கியது 1.5 வோல்ட் டிடிஆர்3 ஆக இருக்கலாம். இரண்டுக்கும் 204 பின் (ஸ்லாட்டில் தொடும் முனைகள்), விளிம்பில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் பூட் ஆகாது. கடைக்காரர்களே இதில் குழம்புவதுண்டு.

பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ராமின் ஸ்டிக்கரையும் பாருங்கள். பழையதில் பிசி3எல் (டிடிஆர்3எல்லின் குறியீடு), புதியதில் வெறும் பிசி3 (சாதா டிடிஆர்3) என்றிருந்தால் அந்த 'எல்' இல்லாததுதான் சிக்கல். மாற்றி வாங்குங்கள்.

புதியதிலும் 'எல்' இருக்கிறதா? சரி, அதை மட்டும் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டு ஆன் செய்யுங்கள். ஓடினால் பழையதோடுதான் ஒத்துப்போகவில்லை.

அப்புறம், ஒரே ராமாக 16 ஜிபி வாங்கிவிடாதீர்கள். அந்தத் தலைமுறையில் ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை.