டாக்டர் பதில்கள்: கரப்பானுக்குக் காரணம் கத்தரிக்காயா?

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் கரப்பான். ராத்திரி முழுக்கச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறான். மாசமாக இருந்தபோது நான் கத்தரிக்காயும் கருவாடும் சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். ஆறு மாதமாக முட்டை, பால் கொடுப்பதில்லை. சோப்புக்குப் பதில் கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். கணவருக்குக் கால் தோல் எப்போதும் செதில் செதிலாக இருக்கும். இது பரம்பரையா?
- வாசகி, நாமக்கல்

பதில்: நீங்கள் சாப்பிட்ட எதுவும் காரணமில்லை அம்மா. இந்தப் பக்கத்தை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் செதில் தோல்தான் எனக்கு முக்கியம். கணவரின் உள்ளங்கையை வெளிச்சத்தில் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் வழக்கத்தைவிட நெருக்கமாக, ஆழமாக ரேகைகள் ஓடுகின்றனவா? மகன் கையிலும் அப்படியே இருந்தால், ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் குறை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழுவினர் 2006-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் செதில் தோலுக்குக் காரணம் என்று தெரிந்தது. அதே வருடம் கரப்பானுக்கும் அதுவே பெரிய காரணம் என்று தெரிந்தது. ஐரோப்பியர்களில் சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு, ஆனால் அத்தனை பேருக்கும் கரப்பான் வருவதில்லை. கணவரைக் குறை சொல்லவும் இதில் ஒன்றுமில்லை.

இந்தப் புரதம்தான் மேல்தோலை இறுக்கமாக வைக்கிறது. பிறகு அது சிதைந்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளாக மாறுகிறது. தோலின் லேசான அமிலத்தன்மைக்கும் உதவுகிறது. அது குறைந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். தூசிப்பூச்சியின் எச்சமும் உணவுத் துகளும் உள்ளே போகும். தோலுக்கு அடியில் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைப் பகையாகப் பதிந்துகொள்கின்றன. பல குழந்தைகளுக்குத் தோல்தான் முதலில் கெடுகிறது, அலர்ஜி பின்னால் வருகிறது.

அதனால்தான் கடலை மாவை இன்றோடு நிறுத்தச் சொல்கிறேன். பயத்தமாவும் வேண்டாம். வாய்வழி போகும் உணவை உடம்பு பெரும்பாலும் ஏற்கப் பழகும். புண்பட்ட தோல் வழியாகப் போனால் அதே உணவு அலர்ஜியாகலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பு ஒன்றால் ஏறத்தாழ 2,000 பேருக்குக் கோதுமை அலர்ஜி வந்து, 2011-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அவர்கள் அதைத் தின்னவில்லை, முகத்தில் தேய்த்தார்கள், அவ்வளவுதான்.

வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். சாதாரண சோப்பின் காரமும் இந்தத் தோலுக்கு ஆகாது. சோப்பில்லாத, வாசனை சேர்க்காத கிளென்சர் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். வாரத்துக்குக் கால் கிலோ தீரும். பலர் பத்து நாளைக்கு ஒரு சின்ன டியூப் வாங்கிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். சிவந்த இடத்துக்கு உங்கள் டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் விடாதீர்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், அதனால் சிகிச்சை மாறப்போவதில்லை.

முட்டையும் பாலும் நிறுத்துவதற்கு முன் சாப்பிட்டபோது தடிப்போ வாந்தியோ முகவீக்கமோ வந்ததா? வரவில்லையென்றால் நிறுத்தியிருக்கவே வேண்டாம். ஆனாலும் வீட்டிலேயே திரும்ப ஆரம்பித்துவிடாதீர்கள். கரப்பான் உள்ள குழந்தைக்கு நீண்ட இடைவெளிக்குப் பிறகு கொடுக்கும்போது சில சமயம் கடுமையான அலர்ஜி வரும். குழந்தை டாக்டரிடம் காட்டி, அவர் சொல்லும் முறைப்படி ஆரம்பியுங்கள்.