கெராங் ஓட்டை இடித்துக் கோழிக்கும் செடிக்கும் போடலாமா?

மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கெராங் என்னும் சிப்பியை அவித்து விற்கிறாராம், வாரத்துக்கு இரண்டு கோணி ஓடு மிஞ்சுகிறதாம். அதை இடித்து முட்டைக் கோழிக்கும் லயத்து வீட்டுப் பின்புறத்து மிளகாய்ச் செடிக்கும் போடலாமா, சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பும் ஆக்கலாமா என்பது கேள்வி.

முதல் இரண்டையும் தாராளமாகச் செய்யுங்கள், மூன்றாவது வேண்டாம். கெராங் ஓட்டில் 95 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட்தான், சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதுதான். ஒரு சிட்டிகைத் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள், உடனே புஸ்ஸென்று நுரை கிளம்பும். மண்ணின் புளிப்பை அது முறிப்பதும் இதே மாதிரிதான், ஆனால் மெதுவாக.

ஓட்டில் ஒட்டிய சதையைச் சுரண்டி, உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வெயிலில் காய வையுங்கள். சதை இருந்தால் நாறும், எறும்பு வரும். பிறகு பழைய வாணலியில் மூடி போட்டு வறுத்தால், ஓட்டின் அடுக்குகளைப் பிடித்திருக்கும் புரதம் கருகி, உரலில் இடிக்கச் சுலபமாகிவிடும். இடிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கோழிக்கு மாவாக இடிக்கவே கூடாது. நொய் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, குருணையாக இருக்க வேண்டும். முட்டை ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது, அந்த நேரம் கோழி தீனி எடுக்காது. இரைப்பையில் தங்கிய குருணை மெல்லக் கரைந்து கால்சியம் கொடுக்கும், மாவோ அதற்குள் கடந்து போயிருக்கும். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் அளவுக்குக் கால்சியம் தேவை. தீனியில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டிய அளவு அதுவே கொத்திக்கொள்ளும். குஞ்சுகள் மட்டும் அந்தப் பக்கம் வரக் கூடாது, கால்சியம் மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டுப்போகும்.

மண்ணுக்கு இதற்கு நேர்மாறு, சலித்த மாவுதான் வேலை செய்யும். உங்கள் பக்கத்தில் கறுப்பாகப் பஞ்சு மாதிரி இருக்கும் தானா கம்புட் (கரி மண்) என்றால் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதாவது கடும் புளிப்பு, அதில் என்ன உரம் போட்டாலும் மிளகாய் திணறும். 10 லிட்டர் பாலிபேக்குக்கு 2 மேசைக்கரண்டி மாவைக் கலந்து, ஈரமாக வைத்து, மூன்று வாரம் கழித்து நடுங்கள். யூரியாவோ கோழி எருவோ கூடவே போடாதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். இட்லிப் பூச்செடிக்கு இது ஆகாது, இலை மஞ்சளாகும்.

தோட்டங்களில் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) போடும் டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளில் மக்னீசியமும் உண்டு, கெராங் ஓட்டில் அது பேருக்குத்தான். மக்னீசியம் குறைந்து அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகத் திரும்பிய மரத்துக்கு இந்தத் தூள் மருந்தாகாது.

சுண்ணாம்பு விஷயத்துக்கு வருகிறேன். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றுவது நம் ஊர்ப் பழைய தொழில்தான், ஆனால் அதற்கு 900 டிகிரி வரை சூடு வேண்டும். 100 கிலோ ஓடு முழுசாக வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். அந்தச் சுட்ட ஓட்டில் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், ஒரு துளி கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். அதோடு கெராங் சேற்றில் வளர்வது, காரீயமும் காட்மியமும் ஓட்டில் சேர்ந்திருக்கலாம், அதனால் மாவை மாத்திரை மாதிரி யாரும் சாப்பிடவும் வேண்டாம். வெற்றிலைக்கு வேண்டியதை மளிகைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா.