ஹெட்லைட் வாஷர் ஒழுகுகிறதா? குன்னூர்ப் பட்டறையிலிருந்து பதில்கள்

உறைபனிக் காலம் நெருங்கும்போதெல்லாம் பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: ஹெட்லைட் மீது தண்ணீர் பீய்ச்சும் வாஷர் ஒழுகுகிறது, என்ன செய்வது? இந்த முறை நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் தருகிறேன்.

வெலிங்டன்: அண்ணா, என்னுடையது 2009ஆம் ஆண்டு கார். வாஷர் தொட்டியை இரவில் நிரப்பினால் காலையில் காலி. முன்சக்கரத்தின் பக்கத்தில் தரை நனைந்திருக்கிறது. தொட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதே எதையும் வாங்காதீர்கள். ஒழுகும் இடத்தைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி, வண்டியைச் சமதளத்தில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் நீர்மட்டம் பாதியில் நின்றிருந்தால் அந்த உயரத்தில் தொட்டியில் விரிசல் இருக்கிறது. அடிவரை வற்றியிருந்தால் தொட்டியைக் குறை சொல்லும் முன் பம்பைச் செருகியிருக்கும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அடுத்துக் குழாயைப் பாருங்கள்.

குழாயை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பம்புக்குள் சுழலும் இறக்கை மட்டுமே இருக்கிறது. பம்ப் ஓடாதபோது அது தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. ஆகவே தொட்டியின் மட்டத்துக்குக் கீழே குழாய் எங்கே விட்டிருந்தாலும், தொட்டித் தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். தரையில் ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பம்பரின் உட்புறமாக வழிந்து வேறெங்கோ சொட்டும். தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்துவிடுங்கள். ஆரஞ்சுக் கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை.

சென்ற வாரம் பார்த்த ஒரு காரில் வளையம் வெளிப்பார்வைக்கு முழுசாக இருந்தது. கழற்றி விரலால் மடக்கினேன். உள்விளிம்பில் மயிரிழை போல நான்கு வெடிப்புகள் வாய் திறந்தன. வளையத்தை மட்டும் மாற்றினேன், ஒழுகல் நின்றது. புதிய வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துச் செருகுங்கள். சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறி உப்பிவிடும். கடையில் "வாஷர்" என்று மட்டும் கேட்டால் போல்ட்டுக்குப் போடும் தகட்டைத் தருவார்கள்; "வாஷர் பம்ப் ரப்பர்" என்று சொல்லி, பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எமரால்டு: ஐயா, நிறுத்தி வைத்தால் ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை. பீய்ச்சும்போதுதான் பம்பருக்கு அடியில் கொட்டுகிறது. இடப்பக்க விளக்குக்குத் தண்ணீர் வலுவில்லாமல் வருகிறது.

அப்படியானால் தொட்டியும் பம்ப் வளையமும் நன்றாகவே இருக்கின்றன. அழுத்தம் ஏறும்போது மட்டும் ஒழுகுவதால் பழுது பம்புக்கு அப்பால், உங்கள் இடப்பக்கத்தில் இருக்கிறது. குழாய் இரண்டாகப் பிரியும் 'டி' இணைப்பிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகப் போங்கள். பெரும்பாலும் குழாயின் நுனி இறுகி, பிடிப்பு விட்டிருக்கும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை வெந்நீரில் முக்கி இளக்கிச் செருகுங்கள். தீ காட்ட வேண்டாம்.

அங்கே ஈரம் இல்லையென்றால் வெளியே நீளும் பீய்ச்சியைச் சந்தேகியுங்கள். தண்ணீரின் அழுத்தம் உள்ளே இருக்கும் தண்டை முன்னே தள்ளுகிறது. பம்ப் நின்றதும் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பீய்ச்சியின் உறையில் விரிசல் விட்டிருந்தால் ஒட்டவைத்துப் பயனில்லை, முழுதாக மாற்ற வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அரவங்காடு: தொட்டி விரிசலில் எபாக்சிப் பசை பூசலாமா?

வேண்டாம். இந்தத் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். அவற்றின்மீது சாதாரணப் பசை நிலைக்காது. சில நாளில் செதிலாக உரிந்துவரும். பிளாஸ்டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தலைக்குந்தா: உறைபனியால்தான் இது உடைகிறதா?

உங்கள் பக்கத்தில் அது முக்கியமான காரணம். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. தொட்டியில் விரிய இடமிருக்கும். பம்புக்குள்ளும் குறுகிய இணைப்புகளிலும் இடமில்லை, அங்கேதான் வெடிக்கும். புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் வாஷரை இயக்கவே கூடாது. உறைந்த பம்பைச் சுழற்ற முயன்றால் மோட்டார் எரியும். குளிருக்கென்று விற்கும் வாஷர் திரவத்தை டிசம்பருக்கு முன்பே ஊற்றி, நான்கைந்து முறை பீய்ச்சிவிடுங்கள். தொட்டியில் ஊற்றியது குழாயின் நுனிவரை போய்ச் சேர வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ரேடியேட்டர் கூலன்ட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கண்ணாடியில் பிசுக்காகப் படியும். தரையில் சொட்டியதை நாய் நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

கோத்தகிரி: பம்பரைக் கழற்றாமல் பம்பை எட்ட முடியுமா அண்ணா? வீட்டு வாசல் சரிவாக இருக்கிறது.

பல கார்களில் முடியும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறையின் முன்பகுதியை மட்டும் அவிழ்த்தால் கை நுழையும். ஆனால் சரிவில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், தம்பி. ஜாக்கி சாயும், கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்தாலும் நம்ப முடியாது. பக்கத்தில் சமமான இடம் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஒழுகும் வாஷர் ஒரு வாரம் பொறுக்கும்.

மசினகுடி: இதைச் சரிசெய்யாமல் குழாயை அடைத்துவிட்டால் என்ன?

விளக்கு எந்த வகை என்று பாருங்கள். ஹாலோஜன் (மஞ்சள் சாயலில் எரியும் சாதாரண பல்பு) என்றால் தாராளமாக அடைக்கலாம். பம்பின் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள், வறண்டு ஓடாது. வாரம் ஒருமுறை துணியால் துடைத்தால் போதும்.

செனான் (பளீரென்ற வெள்ளை ஒளி தரும் வாயு விளக்கு) என்றால் அடைக்காதீர்கள் என்பேன். ஐரோப்பிய விதிகளில், டிம் விளக்கின் ஒளி 2000 லூமெனை (ஒளியை அளக்கும் அலகு) தாண்டினால் கழுவும் அமைப்பு கட்டாயம். வழக்கமான செனான் பல்பு 3200 லூமென் வரை தரும். எச்7 என்ற வகை ஹாலோஜன் பல்பு 1500தான். அவ்வளவு ஒளி சேறு படிந்த கண்ணாடி வழியாக வரும்போது நாலாபக்கமும் சிதறுகிறது. ஊட்டிக்குப் போகும் கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் போய்வருகிறீர்கள். மூடுபனியில் எதிரே வருபவரின் கண் ஒரு நொடி கூசினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழுது பார்க்கும்வரை இறங்கும் முன் விளக்கைக் கையால் கழுவிக்கொள்ளுங்கள்.

வெலிங்டன் (மீண்டும்): வளையம் மாற்றிவிட்டேன், ஒழுகவில்லை. ஆனால் இப்போது தண்ணீரே பீய்ச்சவில்லை!

குழாயில் காற்று நிற்கிறது. தொட்டியை நிரப்பி, ஹெட்லைட்டைப் போட்டு, வாஷர் லீவரை மூன்று நான்கு முறை விட்டுவிட்டு இழுங்கள். முதலில் சீறும், பிறகு தண்ணீர் வரும்.