ஷில்லுக் கதைகளைத் தமிழில் சொல்ல

கேள்வி: நூலகத்தில் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறேன். ஜெர்மன் மொழியியலாளர் வெஸ்டர்மான் 1912இல் வெளியிட்ட, தென் சூடானின் ஷில்லுக் மக்களுடைய கதைத் தொகுப்பிலிருந்து சில கதைகளைத் தமிழில் சொல்ல ஆசை. பெயர்களை எப்படி உச்சரிப்பது? அவற்றில் வரும் 'Nyikang' சாமியா, ராஜாவா?

பதில்: ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நியிகாங்' என்று எழுதிவிடாதீர்கள். அது நம் ஞகரமேதான், ஞாயிறில் வருகிற அதே ஒலி. கடைசியில் ஙகரம். 'ஞிக்காங்' என்று எழுதலாம். ஒற்றைக் ககரம் போட்டால் பிள்ளைகள் 'ஞிஹாங்' என்பார்கள். பல்லில் நாக்கு படும் நகரத்தையும் மேலே படும் னகரத்தையும் ஷில்லுக் மொழி வேறு வேறு ஒலிகளாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தைவிட நம் எழுத்துதான் இதற்குக் கைகொடுக்கும். உயிரொலி நீளத்தில் மட்டும் நாம் ஒரு படி குறைவு: குறில், நெடில் தாண்டி அங்கே மூன்றாவது நீளமும் உண்டு, பொருளே அதனால் மாறும். நம் அளபெடை மாதிரி ஓசைக்காக நீட்டுவதல்ல. கதை சொல்லும்போது நெடிலோடு நிறுத்திக்கொள்ளலாம், தவறில்லை.

'ஷில்லுக்' வெளியார் வைத்த பெயர். தென் சூடானில் வெள்ளை நைல் கரையில், மலக்கால், கோடோக் பக்கம் வாழும் அம்மக்கள் தங்களைச் 'சோல்லோ' என்பார்கள். 'பச்சை'யில் வரும் ச்ச ஒலியோடு சொல்லிக் காட்டுங்கள்.

ஞிக்காங் சாமியா ராஜாவா என்றால், அவர்களுக்கு அந்த இரண்டும் இரண்டல்ல. ஆதி அரசன் அவன். படைத்த கடவுள் ஜுவோக். அவருக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவன் ஞிக்காங். அவன் செத்ததாகச் சொல்ல மாட்டார்கள், காற்றோடு மறைந்தான் என்பார்கள். இதை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். அரசனை 'ரெத்' என்பார்கள். புது ரெத் பட்டமேறும்போது வடக்கே அகூர்வாவிலிருந்து ஞிக்காங்கின் உருவத்தை ஒரு படையே தூக்கிவரும். அரச தலைநகரான ஃபஷோடா அருகே பொய்ச்சண்டை நடக்கும், ஞிக்காங் புது அரசனைச் சிறைப்பிடிப்பான். பிறகு ஆசனத்தில் முதலில் உருவத்தை வைத்து, அதை எடுத்தபின் அரசனை உட்கார வைப்பார்கள். அந்த நொடியில் ஞிக்காங் அவனுக்குள் இறங்குகிறான். சடங்கு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ரெத் இறந்தால் 'நாடு இல்லை' என்பது வழக்கம்.

தளர்ந்த அரசனைக் கொன்றுவிடுவார்கள் என்று மானிடவியலாளர் செலிக்மன் எழுதியதைச் சிறுவர்களிடம் உண்மையாகச் சொல்ல வேண்டாம். 1948இலேயே இன்னொரு மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் அதை வலுவாகச் சந்தேகித்தார்.

முதலில் ஞிக்காங்கின் மகன் டாக்கின் கதையைச் சொல்லுங்கள். மாமன்கள் அவனைக் கொல்லச் சூழ்ச்சி செய்கிறார்கள். அப்பன் அம்பாச் மரத்தில் அவனைப் போலவே பொம்மை செதுக்கி வைக்கிறான், அவர்கள் அதைக் குத்திவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அம்பாச்சை 'மரக்கட்டை' என்று சொன்னால் கதை கனத்துவிடும். நம் நெட்டியும் அதுவும் ஒரே பேரினத்துச் செடிகள், தண்ணீரில் மிதக்கும் லேசான தண்டு. தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களிடம் ஒரு துண்டு வாங்கிவந்து, பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.