படிக்காத கடிதம்

அன்புள்ள ஐயா,

பெர்லினில் நடந்த ஓர் ஏலத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெட்ரிக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கினேன். 1764ஆம் ஆண்டு ஒரு படை அதிகாரிக்கு எழுதியது, நான்கே வரி. பழைய ஜெர்மன் எழுத்து என்பதால் படிக்க வரவில்லை. கையெழுத்து அசல்தானா? விலை அதிகமோ? சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா?

கே., ஃபிராங்க்ஃபர்ட்

அன்புள்ள கே.,

விலையை விடுங்கள், கொடுத்தாயிற்று. அசல்தானா என்பதை ஏலம் விட்டவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1740 முதல் 1786 வரை ஆண்ட மன்னர் அவர். செயலர்கள் எழுதி நீட்டிய உத்தரவுகளில் நாள்தோறும் கையெழுத்துப் போட்டவர். அது அப்படி ஒன்றும் அரிய பொருள் இல்லை.

'படிக்க வரவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைத் தைத்தது. கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏலக்கூடத்தில், பிராண்டன்பர்க் பக்கத்து நிலப்பிரபுக் குடும்பம் ஒன்றின் காகிதங்களைப் பார்த்தேன். 1945இல் ஜெர்மனியில் சோவியத் படை பிடித்திருந்த பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளை எடுத்துக்கொண்டபோது இப்படி எத்தனையோ வீட்டுக் காகிதங்கள் சிதறின. இந்தப் பெட்டி எப்படியோ தப்பியிருக்கிறது. ஏலக்காரர்கள் அதைப் பிரித்துவிட்டார்கள். மன்னர் கையெழுத்துள்ள தாள்கள் தனித்தனியாக நல்ல விலைக்குப் போயின. அந்த வீட்டுப் பெண் தன் தங்கைக்கு எழுதிய கடிதங்களைக் கேட்க ஆளில்லை. நான் ஒன்று வாங்கினேன். காகிதத்தை மிச்சம் பிடிக்க, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதியிருந்தாள். அதைப் படிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. குழந்தைக்குக் காய்ச்சல், உருளைக்கிழங்கு உறைபனியில் கெட்டுவிட்டது, நீ வரும்போது கம்பளி கொண்டு வா. அவ்வளவுதான். படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கையெழுத்தை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிய கூட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்தது. அவர்கள் கத்தரித்த பழைய கடிதங்கள் எழுதப்பட்ட காலத்தில் உறை போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதினார்கள். பெரிய இடத்துக்கு எழுதினால் விளிப்புக்கும் செய்திக்கும் நடுவே வேண்டுமென்றே வெற்றிடம் விடுவார்கள், அது மரியாதை. கத்தரி போட்டவர்களால் அந்த மரியாதை போயிற்று, முகவரி போயிற்று, யாருக்கு என்பதே போயிற்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், படிக்காமல் சட்டம் போடுகிற நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். கத்தரி மட்டும்தான் உங்கள் கையில் இல்லை.

நீங்கள் சொல்லும் பழைய ஜெர்மன் எழுத்துக்குக் கூரென்ட் என்று பெயர். அது ஒன்றும் பூதம் இல்லை. அதில் 'இ' (e) பார்க்க 'என்' (n) போலவே இருக்கும். 'யு' (u) தலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். முதல் வாரம் அழுகை வரும். அப்புறம் ஒரு சொல் திறக்கும், அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது.

சுவரில் மாட்டாதீர்கள், வெளிச்சத்தில் மை வெளுக்கும். அமிலமில்லாத தாளுறையில் வையுங்கள். சரி, அந்த அதிகாரி மன்னரிடம் என்ன கேட்டிருந்தார்? விடுப்பா, கல்யாணம் செய்ய அனுமதியா? மன்னர் கொடுத்தாரா, மறுத்தாரா? நான்கு வரியையும் உங்கள் கையால் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து படிப்போம்.