முகாமுக்கு வெளியே இருக்கும் பாலஸ்தீன அகதிகள் வசதியானவர்களா?

"லெபனானில் முகாமில் இல்லாத பாலஸ்தீன அகதிகளுக்கு ஏன் உதவி வேண்டும், அவர்கள் கொஞ்சம் வசதியானவர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முகாம்களின் படங்களை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நேரில் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த "தானே" எனக்குச் சுட்டுவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்புக்காரி. 2010 முதல் 2017 வரை பெய்ரூத்தில் வீட்டு வேலை செய்தேன். முதல் இரண்டு வருடம் மேடம் வீட்டில், அதற்குப் பிறகு வெளியே அறை எடுத்து வீடு வீடாகப் போய்த் துப்புரவு வேலை. கையில் பாஸ்போர்ட் இல்லாத ஒருத்திக்கு யார் அறை தருவார்கள்? பெய்ரூத்தின் சப்ரா பகுதியில் ஒரு பாலஸ்தீனக் கிழவி தந்தார். ஹஜ்ஜே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் "காசா" என்று பெயர் வைத்த ஆஸ்பத்திரி. எண்பதுகளில் முகாம்களைச் சுற்றி நடந்த சண்டையில் வீடிழந்த குடும்பங்கள் அதற்குள் குடியேறி, வார்டுகளை மறித்து வீடாக்கிக்கொண்டன. ஷதீலா முகாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் முகாமின் எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது, நாங்கள் எல்லைக்கு வெளியே.

அந்த எல்லை என்ன செய்யும் தெரியுமா? பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் உன்ர்வாவை அங்கே "வகாலே" என்பார்கள். பதிவு செய்த அகதி எங்கே குடியிருந்தாலும் அதன் பள்ளிக்கூடமும் கிளினிக்கும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் குப்பை அள்ளுவது, கழிவுநீர்க் குழாய் பார்ப்பது எல்லாம் லெபனானில் இருக்கும் 12 முகாம்களுக்குள் மட்டும்தான். வெளியே கூட்டமாகக் குடியிருக்கும் இடங்களுக்குத் "தஜம்மு" என்று பெயர். நான் ஊர் திரும்பிய 2017இல் எடுத்த கணக்கெடுப்பில் அந்த நாட்டில் இருந்த பாலஸ்தீனர்கள் 1,74,422 பேர், அதில் பாதிக்கு மேல் முகாமுக்கு வெளியே.

ஒரு மாரிக்காலத்துச் சாமத்தில் கீழ்த்தளத்தில் சாக்கடை பொங்கி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை மேலே தூக்கிவிட்டு விடியும்வரை வாளியால் இறைத்தோம். காலையில் ஹஜ்ஜேயின் மகன் போய்க் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான், "அது எங்கள் எல்லையில் வராது." கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து ஆள் பிடித்தோம். நான் வெளிநாட்டுக்காரி என்று என்னிடம் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். குழாயில் வருவது உப்புத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணீர் போட முடியாது. குடிக்கிற தண்ணீரைக் காசுக்கு வாங்கி, கரண்ட் இல்லாத இருட்டுப் படியில் கேனைத் தோளில் வைத்து ஏற வேண்டும்.

"அப்படியென்றால் முகாமுக்குள் போய் இருக்கலாமே" என்று சிலர் எழுதுவார்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். ஹஜ்ஜே முகாமில் இருந்தவர்தான். பெற்றோர் இஸ்ரேல் உருவான 1948இல், போரில் கலிலேயாவிலிருந்து வந்தார்கள். அவர் வளர்ந்தது தல் அல்-ஸாத்தர் முகாம், அது லெபனான் உள்நாட்டுப் போரில் 1976இல் அழிந்தது, பிறகு யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. பெய்ரூத்துக்குத் தெற்கே டாமூர் என்ற ஊரில் கொண்டுபோய் வைத்தார்கள், 1982 இஸ்ரேல் படையெடுப்பில் அங்கிருந்தும் ஓட்டம், அப்புறம்தான் சப்ரா. சொந்தமாக ஒரு வீடு வாங்கலாம் என்றால் 2001இல் வந்த சட்டம் பாலஸ்தீனர் சொத்து வாங்குவதையே தடுக்கிறது. பேரன் பொறியியல் படித்துவிட்டு டைல்ஸ் ஒட்டுகிறான், அந்த நாட்டில் பொறியியலாளராக வேலை செய்ய அவனுக்கு வழியில்லை.

2013இல் சிரியாவில் பாலஸ்தீன அகதிகள் இருந்த யார்மூக் முகாமிலிருந்து, அங்கே நடந்த போருக்குத் தப்பி ஒரு குடும்பம் எங்கள் மாடிக்கு வந்தது, ஒரே அறையில் எட்டுப் பேர். வாடகைக்கென்று உன்ர்வா மாதம் குடும்பத்துக்கு 100 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது, நிதி இல்லை என்று 2015 ஜூலையோடு அதையும் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே அந்த அம்மா என்னோடு துப்புரவு வேலைக்கு வந்தார். யார்மூக்கில் அவர் டீச்சர்.

"நீ வேலைக்காரியாகப் போனவள், உனக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் என்னிடம் முன்பு கேட்டிருக்கிறார். வேலைக்காரியாகப் போனதால்தான் தெரியும்.

உதவி செய்கிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் பணம் அனுப்புவதாக இருந்தால், வாங்கும் அமைப்பிடம் தஜம்முக்களிலும் வேலை செய்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள், அவ்வளவுதான்.

ஹஜ்ஜேயோடு இப்போதும் வாட்ஸ்அப்பில் பேசுவேன். 2022இல் இலங்கையில் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தபோது அவர் குரல் செய்தி அனுப்பினார். "உங்கள் ஊரிலுமா, யா பின்தி (என் மகளே)?" என்று கேட்டுவிட்டு, எந்த பாட்டரி வாங்க வேண்டும், எத்தனை மணி நேரம் தாங்கும், தண்ணீர் வரும்போது எந்த வாளியை முதலில் நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்.