காபி மெஷினில் மீண்டும் நிரப்பும் கேப்ஸ்யூல்: வாங்கலாம், ஆனால் முதலில் அரவைக்கு வழி பாருங்கள்

கேள்வி இது: "வீட்டில் கேப்ஸ்யூல் (ஒரு கோப்பைக்கான காபிப் பொடி அடைத்த சின்ன டப்பி) போடும் காபி மெஷின் இருக்கிறது. திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கேப்ஸ்யூல் வாங்கினால் லாபமா? நம் ஃபில்டர் காபிப் பொடியை அதில் போடலாமா? மெஷின் கெட்டுவிடுமா? எத்தனை வாங்க வேண்டும்?"

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், இரண்டு வருடமாக இந்தக் கூத்தை அடித்துக்கொண்டிருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். லாபம்தான். ஆனால் கேப்ஸ்யூலை மட்டும் வாங்கிப் பழைய பொடியை அதில் கொட்டினால் வராது. கையில் ஒரு கிரைண்டரோ, கேட்ட பதத்தில் அரைத்துத் தரும் கடையோ இல்லையென்றால் இதில் இறங்காதீர்கள்.

என்னிடம் இருப்பது நெஸ்பிரஸ்ஸோவின் 'ஒரிஜினல்' வகைக் கேப்ஸ்யூல் போடும் மெஷின், அந்தச் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்குமே, அது. எரிக் ஃபேவ்ர் என்ற நெஸ்லே பொறியாளர் கண்டுபிடித்து 1976-இல் காப்புரிமைக்குப் போன யோசனை, கடைக்கு வந்தது 1986-இல். காப்புரிமைகள் காலாவதியான பிறகு யார் வேண்டுமானாலும் அந்த அளவில் கேப்ஸ்யூல் செய்யலாம் என்றாகிவிட்டது. அதனால்தான் இணையத்தில் தேடினால் இந்த வகைக்கு மட்டும் ஸ்டீல், பிளாஸ்டிக், மூடி ஒட்டுவது, மூடி திருகுவது என்று விதவிதமாகக் கொட்டிக்கிடக்கிறது.

உங்களுடையது நெஸ்பிரஸ்ஸோவின் இன்னொரு வகையான 'வெர்ட்டுவோ' என்றால் கதை வேறு. அது கேப்ஸ்யூலின் விளிம்பில் இருக்கும் பார்கோடைப் படித்துவிட்டுத்தான் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வேகம் என்று முடிவு செய்து கேப்ஸ்யூலையே சுழற்றும். குடித்து முடித்த கேப்ஸ்யூலைக் கழுவி, நிரப்பி, புது மூடி ஒட்டிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு பொறுமை இல்லை. அமெரிக்காவில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் கியூரிக் என்ற நிறுவனத்தின் மெஷின் இருக்கும். 2014-இல் வந்த அவர்களின் 2.0 மெஷின் அனுமதி பெறாத கேப்ஸ்யூலை உள்ளே விடவே மறுத்தது, ஆட்கள் சண்டை போட்ட பிறகு அடுத்த வருடமே நிறுவனம் தவறு என்று ஒத்துக்கொண்டு நிரப்பும் கூடையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதில் பெரிய அழுத்தம் கிடையாது, வடிகட்டிக் காபி மாதிரிதான் இறங்கும், அதனால் நடுத்தர அரவைப் பொடி போட்டாலே போதும். இனி நான் சொல்வதெல்லாம் அந்தச் சின்னக் கிண்ண வகைக்குத்தான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள், இது புரியாமல் நான் மூன்று வாரம் வீணடித்தேன். கடைக் கேப்ஸ்யூலைப் போட்டு நெம்புகோலை இறக்கும்போது பின்பக்கம் மூன்று ஓட்டை விழும். அந்த வழியாக வெந்நீர் உள்ளே தள்ளப்படும். முன்பக்க அலுமினியத் தாள் உடனே கிழியாது, உள்ளே அழுத்தம் ஏறி, தாள் உப்பி, எதிரே இருக்கும் குட்டிக் குட்டிக் கூம்புகள் உள்ள தட்டில் போய் முட்டிக் கிழியும். அந்த ஒரு நொடித் தாமதம்தான் காபிக்கு அடர்த்தியையும் மேலே அந்த நுரையையும் கொடுக்கிறது. ஸ்டீல் கேப்ஸ்யூலில் கிழிவதற்குத் தாளே இல்லை, மூடியில் ஏற்கெனவே ஊசித் துளைகள் இருக்கின்றன. அப்படியானால் தண்ணீரை எது தடுத்து நிறுத்தும்? பொடிதான். பெட்டியில் 19 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பது பம்ப் தரக்கூடிய உச்சம், அவ்வளவுதான். பொடி எதிர்த்து நிற்காவிட்டால் அந்த 19 எங்கிருந்தும் வராது.

பொடி பருமனாக இருந்தால் பத்து நொடியில் எல்லாம் ஓடிவந்துவிடும், புளிப்பாக, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி. ரொம்ப நைஸாக இருந்தால் பம்ப் முனகும், சொட்டு சொட்டாக வரும், அப்புறம் தண்ணீர் கேப்ஸ்யூலைச் சுற்றிக்கொண்டு பின்னால் குப்பைத் தட்டுக்குள் இறங்கும், கோப்பையில் இரண்டு ஸ்பூன்கூடத் தேறாது. 40 மில்லி வர 20 முதல் 30 நொடி ஆனால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் அரைத்து வாங்குவதாக இருந்தால், அடுப்பில் வைக்கும் மோக்கா பாட்டுக்கு அரைப்பதைவிட ஒரு படி நைஸாக, எஸ்பிரஸ்ஸோவுக்கு அரைப்பதைவிட ஒரு மயிரிழை பருமனாக என்று சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. 100 கிராமுக்கு மேல் அரைத்து வாங்காதீர்கள், அரைத்த பொடியின் மணம் சில நாளில் போய்விடும். கடைக் கேப்ஸ்யூல் காற்றுப் புகாமல் அடைத்தது, மாதக்கணக்கில் தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் அதை நம்மால் ஜெயிக்க முடியாது.

ஃபில்டர் காபிப் பொடிக்கு வருகிறேன், பாதிப் பேர் இதற்காகத்தான் இந்தப் பதிலைத் திறந்திருப்பீர்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். சிரங்கூன் சாலையில் எண்பதுக்கு இருபது சிக்கரி கலந்த பொடி கிடைக்கிறது, அதைக் கேப்ஸ்யூலில் போட்டால் பட்டனைத் தட்டி டிகாக்ஷன் என்று கனவு. போட்டேன். மெஷின் மாடு மாதிரி கத்தியது, கறுப்பாக நான்கு சொட்டு விழுந்தது, மீதித் தண்ணீர் எல்லாம் தட்டில். காரணம் சிக்கரிதான். வறுத்த வேர், தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுவென்று பொடியோடு பொடியை ஒட்டவைத்துவிடும். பித்தளை ஃபில்டரில் அந்த நிதானம்தான் நமக்கு வேண்டும், அரைமணி நேரம் சொட்டட்டுமே. இங்கே இருப்பது 25 நொடி. சிக்கரி இல்லாத சுத்தமான காபியாக, பீபெரியோ பிளான்டேஷன் ஏ-வோ ஏதோ ஒரு வகை, கொட்டையாக வாங்கி வந்து அரைத்துப் போட்டால் நன்றாக இறங்குகிறது. ஆனால் அது டிகாக்ஷன் இல்லை. பால் ஊற்றினால் நல்ல பால் காபி கிடைக்கும், கும்பகோணம் கிடைக்காது.

அம்மா போன வருடம் வந்திருந்தபோது பெருமையாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இருமல் மருந்து அளவுக்குத்தான் வருமா?" என்றார். பால் சேர்த்துக் கொடுத்ததும் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை பெட்டியிலிருந்து தன் ஃபில்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

இங்குள்ளவர்களுக்கு இன்னொன்று: கோப்பிக்கடைப் பொடியைத் தப்பித்தவறியும் போடாதீர்கள். அந்தக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள், அதுதான் கோப்பிக்கு அந்தக் கருமையும் மணமும். துணி வடிகட்டியில் அமிர்தம். இங்கே போட்டால் ஊசித் துளை ஒவ்வொன்றிலும் சர்க்கரைப் பிசின் அடைத்துக்கொள்ளும், பல்குத்தும் குச்சியோடு உட்கார வேண்டியதுதான்.

நிரப்பும் விதம். 5 முதல் 5.5 கிராம், சமையலறைத் தராசில் எடை போட்டுப் பழகுங்கள், ஸ்பூன் கணக்கு தினம் ஒரு ருசி கொடுக்கும். மேலே ஒரு மில்லிமீட்டராவது இடம் விடுங்கள், பொடி நனைந்தால் உப்பும். மெல்ல அழுத்தினால் போதும், கையிலிருக்கும் கோபத்தை எல்லாம் அதில் காட்ட வேண்டாம். விளிம்பை விரலால் துடைத்துவிடுங்கள். நான் சந்தித்த கசிவுகளில் பாதிக்கு மேல் அந்த விளிம்பில் ஒட்டியிருந்த நாலு துகள் பொடியால் வந்தவை, மெஷின்தான் போச்சு என்று நினைத்துப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடும் அளவுக்குப் போயிருக்கிறேன். இன்னொரு விஷயத்தைப் பொருளை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை: ஸ்டீல் சூட்டைக் குடித்துவிடும். காலையில் முதல் காபி வெதுவெதுப்பாக வருவது அதனால்தான். வெறும் கேப்ஸ்யூலைப் போட்டு ஒரு முறை வெந்நீரை ஓடவிட்டு, துடைத்து, பிறகு நிரப்புங்கள். விரல் பத்திரம்.

குடித்ததும் உடனே வெளியே எடுங்கள், உள்ளேயே விட்டுவிட்டால் பொடி காய்ந்து பாறை ஆகிவிடும். அலுமினியக் கேப்ஸ்யூல் மாதிரி ஸ்டீல் எப்போதும் தானாக விழாது, சில மெஷினில் சிக்கிக்கொள்ளும், இழுக்க வேண்டியிருக்கும். கழுவ வெந்நீர் போதும், சிலிக்கோன் வளையத்தை வாரம் ஒரு தடவை கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு போகத் தேய்த்தால் சரி.

கணக்கு. இங்கே நான் வாங்கும் கடைக் கேப்ஸ்யூல் ஒன்று 90 காசு வருகிறது. 250 கிராம் கொட்டை 16 வெள்ளி (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), அதில் 45 கோப்பை, ஆக 35 காசு. ஒரு கோப்பைக்கு 55 காசு மிச்சம். இரண்டு ஸ்டீல் கேப்ஸ்யூலும் அழுத்தும் கட்டையும் சேர்ந்த செட் 42 வெள்ளி, கை கிரைண்டர் 85. நாளைக்கு இரண்டு கோப்பை என்றால் போட்ட காசு திரும்ப ஏறத்தாழ நான்கு மாதம். அதற்குப் பிறகு லாபம்தான், காலையில் ஐந்து நிமிடம் கிரைண்டரைச் சுற்றுவதற்குக் கூலி கணக்குப் போடாதவரை. பட்டன் தட்டினால் காபி என்பதற்காகத்தானே இந்த மெஷினையே வாங்கினோம் என்று என் மனைவி கேட்கிறாள், நியாயமான கேள்வி. அதனால் வேலை நாள் காலையில் கடைக் கேப்ஸ்யூல், சாயங்காலமும் சனி ஞாயிறும் ஸ்டீல் என்று ஒரு சமாதான உடன்படிக்கை.

குப்பைக்காக மாறுகிறீர்கள் என்றால் அதுவும் சரியான காரணம்தான், ஆனால் அலுமினியம் மறுசுழற்சிக்குப் போகும் பொருள், நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பிரச்சினை, நாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோமா என்பது. நான் ஒரு பை நிறையச் சேர்த்து வைத்து, நாற்றம் தாங்காமல் கீழே குப்பைக் குழாயில் தள்ளியவன். இங்கே வீட்டுக் குப்பையை எரித்து, சாம்பலை செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள், அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கக் கணக்கு. அந்தப் பையைத் தள்ளிய அன்று ராத்திரிதான் ஸ்டீல் கேப்ஸ்யூலை ஆர்டர் செய்தேன். தாள் மூடி ஒட்டும் வகையில் நுரை இன்னும் நன்றாக வரும், ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு மூடி குப்பைக்குப் போகிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?

மெஷின் கெடுமா என்றால், என்னுடையது கெடவில்லை. ஆனால் நெம்புகோல் இறங்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள், மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வாரன்ட்டி அட்டையையும் படித்துவிடுங்கள், வேறு கேப்ஸ்யூலால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பது வழக்கம். வாரன்ட்டி முடிந்த பிறகு ஆரம்பித்தால் மனசுக்கு நிம்மதி.

எத்தனை வாங்குவது? இரண்டு. ஆளுக்கு ஒன்று, கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம். ஸ்டீலுக்கு முன்னால் மலிவாக இருக்கிறதே என்று ஆறு பிளாஸ்டிக் கேப்ஸ்யூல் 12 வெள்ளிக்கு வாங்கினேன், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். மூன்றாவது வாரமே இரண்டின் மூடி கீல் ஒடிந்தது, ஒன்றைச் சரியாக மூடாமல் போட்டு நெம்புகோலில் நசுக்கிவிட்டேன். மீதி மூன்றில் என் மகள் ஊக்கும் ரப்பர் பேண்டும் போட்டு வைத்திருக்கிறாள், அதற்கு ரொம்பப் பொருத்தமான அளவு.